வேலூர் கண்ட நான்கு வைரஸ்கள்: டெங்குத் தடுப்பூசி ஏன் இத்தனை தாமதம்?

வேலூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் வாசல் ஓரம் நீல நிற டிரம்கள் நிற்பதைப் பார்க்கலாம். பாலாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் ஊர் இது. குழாயில் தண்ணீர் வரும் நாளில் குடம், அண்டா, டிரம் என்று கிடைத்ததிலெல்லாம் பிடித்து வைத்தால்தான் அடுத்த முறை வரும்வரை காலம் தள்ள முடியும். அந்த டிரம்மின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஏடிஸ் எஜிப்தி கொசு முட்டையிடுகிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மீண்டும் ஈரம் பட்டதும் பொரிந்துவிடும். மழை பெய்தாலும் இந்தக் கொசுவுக்கு வாழ்வுதான், பொய்த்தாலும் வாழ்வுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மழை விட்ட நேரத்தில் என் அக்கா மகனுக்குக் காய்ச்சல் கண்டது. அப்போது அவனுக்கு 11 வயது. மூன்றாம் நாள் எடுத்த என்எஸ்1 சோதனை டெங்கு என்று சொன்னது. அன்று மாலையே ஒருவர் பப்பாளி இலைச் சாறும், இன்னொருவர் நிலவேம்புக் குடிநீரும் கொண்டுவந்தார்கள். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையை ஆளுக்கு ஆள் தொலைபேசியில் விசாரித்தார்கள். அந்தப் பரபரப்புக்கு நடுவில் அக்கா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். ஆப்பிரிக்காவில் எங்கோ வரும் எபோலாவுக்கே ஊசி வந்துவிட்டது என்கிறார்களே, வருடா வருடம் நம் தெருவில் வரும் இந்தக் காய்ச்சலுக்கு ஏன் வரவில்லை?

அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு தேடிப் படித்தபோது, பதிலின் பாதி நம் ஊரிலேயே 1968இல் கண்டறியப்பட்டிருக்கிறது என்று தெரிந்தது. அதை அக்காவுக்குச் சொல்வதுபோலவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பார்த்துவிடலாம். வைரஸ் இரத்தக்கசிவுக் காய்ச்சல் என்பது ஒரே நோயின் பெயர் அல்ல. ஒன்றோடொன்று உறவே இல்லாத பல வைரஸ் குடும்பங்கள் மனித உடலில் ஏறத்தாழ ஒரே விதமான சேதத்தை உண்டாக்குவதால் மருத்துவர்கள் வைத்த பொதுப்பெயர். எபோலாவும் மார்பர்க்கும் ஒரு குடும்பம். எலிகள் வழியே வரும் லாசா காய்ச்சல், அர்ஜென்டினாவின் ஜூனின் காய்ச்சல் இரண்டும் இன்னொரு குடும்பம். உண்ணி கடித்து வரும் கிரிமியன்-காங்கோ காய்ச்சல் வேறொன்று. மஞ்சள் காய்ச்சல், டெங்கு, கர்நாடகத்தின் கியாசனூர் காட்டு நோய் ஆகியவை நான்காவது குடும்பம். இவை எல்லாவற்றிலும் இரத்தம் கொட்டியே நோயாளி இறக்கிறார் என்று நினைப்பது தவறு. டெங்குவில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது கசிவு. நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் நெகிழ்ந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா வயிற்றுக்குள்ளும் நெஞ்சுக் கூட்டுக்குள்ளும் வடிந்துவிடும். குழாயில் மிஞ்சும் இரத்தம் கெட்டியாகும், அழுத்தம் விழும், உறுப்புகளுக்கு ஓட்டம் நிற்கும். வெளியே ஒரு சொட்டு இரத்தம் தெரியாமலேயே குழந்தை அதிர்ச்சி நிலைக்குப் போய்விடலாம்.

எலிக்குட்டிகளும் கொசுக்களும்

வட ஆர்க்காட்டின் காய்ச்சல் ஆராய்ச்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. மூளைக்காய்ச்சல் வகைகளில் ஒன்றான ஜப்பானிய மூளை அழற்சி, மனிதர்களிடம் இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955இல் வேலூர் வட்டாரத்தில்தான். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து புனேயில் வைரஸ் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியிருந்தன. அந்த மையத்துக்கு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியோடு நெருங்கிய தொடர்பு இருந்தது. டொனால்ட் கேரி, ரூத் மையர்ஸ், கொசு ஆய்வாளர் ரேச்சல் ரூபன் முதலானவர்கள் 1960களில் இங்கே செய்த வேலையை இன்று படித்தாலும் அதன் பொறுமை வியக்க வைக்கிறது. காய்ச்சலோடு வருபவரின் இரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, பிறந்து ஓரிரு நாளே ஆன வெள்ளெலிக் குட்டிகளின் மூளையில் செலுத்துவார்கள். குட்டி நோயுற்றால் அதிலிருந்து வைரஸைப் பிரித்து, எந்த வகை என்று பார்ப்பார்கள். இன்னொரு பக்கம் வீடுகளில் கொசு பிடித்து, அரைத்து, அதையும் இதே போலச் சோதிப்பார்கள்.

1964இல் தென்னிந்தியாவில் டெங்கு போன்ற காய்ச்சல் ஒன்று பெருவாரியாகப் பரவியபோது, அதில் சிக்குன்குனியா வைரஸ் இருப்பதை இந்த முறையில்தான் கண்டார்கள். இரண்டு நோயையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது அன்றும் கடினம், இன்றும் கடினம். நான்கு ஆண்டுகள் கழித்து, 1968இல், வேலூரில் டெங்கு பரவியது. அந்த ஒரே பரவலில், ஒரே ஊரில், டெங்கு வைரஸின் 1, 2, 3, 4 என்ற நான்கு வகைகளும் மனிதர்களிடமிருந்தும் கொசுக்களிடமிருந்தும் பிரித்தெடுக்கப்பட்டன. நான்கும் அக்கம்பக்கத்துத் தெருக்களில் ஒரே பருவத்தில் உலவியிருக்கின்றன.

இது எண்ணிக்கைப் பெருமைக்காகச் சொல்லும் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் டெங்குத் தடுப்பூசியின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு செய்திக்குள் இருக்கிறது.

பெரும்பாலான வைரஸ்களில் ஒருமுறை நோய் வந்து போனால் உடல் பாடம் கற்றுக்கொள்கிறது. தட்டம்மை வந்தவருக்கு மறுபடி தட்டம்மை வருவது அரிது. டெங்குவிலும் ஒரு வகை வந்து போனால் அந்த வகை மீண்டும் அண்டாது. மற்ற மூன்றிடமிருந்தும் சில மாதங்களுக்குத்தான் ஓரளவு பாதுகாப்பு. அதற்குப் பிறகு ஒரு விபரீதம் நடக்கிறது. முதல் வகைக்காக உடல் செய்த எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடிகள்) இரண்டாவதாக வரும் வகையின் மேல் ஒட்டும், ஆனால் அதை முடக்காது. எதிர்ப்புரதம் ஒட்டிய எதையும் விழுங்கி அழிப்பது நம் உடலின் சில வெள்ளணுக்களுடைய வேலை. டெங்கு வைரஸ் புகுந்து பெருக விரும்புவதும் அதே வெள்ளணுக்களுக்குள்தான். திருடனுக்குக் கைவிலங்கு போடத் தெரியாத காவலர் அவன் தோளில் கை போட்டு வீட்டுக்குள் அழைத்து வந்து விட்டதுபோல ஆகிவிடுகிறது. வைரஸ் பல மடங்கு பெருகுகிறது. கசிவு கடுமையாகிறது.

இந்தக் கருத்தை வளர்த்தவர் அமெரிக்க மருத்துவர் ஸ்காட் ஹால்ஸ்டெட். 1960களில் பாங்காக்கில் பணியாற்றியபோது அவர் கவனித்தது, கடுமையான டெங்கு இரண்டு கூட்டத்தாரிடம் குவிந்திருந்தது என்பதை. ஒன்று, இரண்டாம் முறை டெங்கு வந்த பிள்ளைகள். மற்றது, முதல்முறையே டெங்கு வந்த சில மாதக் கைக்குழந்தைகள். கைக்குழந்தைக்கு முந்தைய தொற்று கிடையாது. ஆனால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புரதம் அதன் இரத்தத்தில் தேய்ந்துகொண்டு இருக்கும். பாதுகாக்கப் போதாத அளவுக்குத் தேய்ந்து, கெடுதல் செய்யப் போதுமான அளவு மிஞ்சியிருக்கும் மாதங்களில்தான் அந்தக் குழந்தைகள் மோசமாக நோயுற்றார்கள். பிறகு கியூபா இதை ஊரறிய நிரூபித்தது. அங்கே 1977இல் வகை 1 பரவியது, அவ்வளவாகச் சேதம் இல்லை. 1981இல் வகை 2 வந்தது. மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்று 158 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் 101 பேர் குழந்தைகள்.

1968இல் நான்கு வகையும் வேலூரில் இருந்திருக்கும்போது, இந்தியாவில் பேரிழப்பு ஏன் அப்போதே வரவில்லை என்று கேட்கத் தோன்றும். 1963இல் கல்கத்தாவில் இரத்தக்கசிவோடு கூடிய டெங்கு வந்திருந்தது. ஆனாலும் நாடு அதிர்ந்தது 1996இல் தில்லியில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் நோயுற்று 423 பேர் இறந்தபோதுதான். வகை எண் ஒன்றாகவே இருந்தாலும் அதற்குள் வைரஸின் கிளைகள் மாறுகின்றன. நம் நாட்டில் பழைய காலத்தில் இருந்த வகை 2இன் மென்மையான கிளை 1970களுக்குப் பிறகு வேறொரு கிளைக்கு வழிவிட்டது. ஊர்களும் பெருத்தன, பிளாஸ்டிக் டிரம்மும் பழைய டயரும் பெருகின. எனக்கு இந்தக் காரணங்கள் எல்லாம் சேர்ந்தே வேலை செய்ததாகப் படுகிறது. தமிழ்நாட்டில் 2012இல் 66 பேரும் 2017இல் 65 பேரும் டெங்குவால் இறந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது.

பாதி வேலை செய்த ஊசி

இப்போது தடுப்பூசி செய்பவரின் இடத்தில் நின்று பாருங்கள். ஒரு வகைக்கு மட்டும் ஊசி போட்டால் அந்தக் குழந்தையை மற்ற மூன்றுக்கு முன்னால் முன்பைவிட மோசமான நிலையில் நிறுத்திவிடும் அபாயம் உண்டு. நான்குக்கும் ஒரே நேரத்தில், ஏறத்தாழ ஒரே வலுவில் பாதுகாப்பு தர வேண்டும். ஒரே ஊசிக்குள் நான்கு உயிருள்ள வலுக்குறைந்த வைரஸ்களைச் சேர்த்தால் அவற்றில் ஒன்று மற்றவற்றை முந்திக்கொண்டு வளர்ந்துவிடுகிறது. நாலு பிள்ளைகளுக்குப் பரிமாறிய ஒரே தட்டை முரட்டுப் பிள்ளை ஒருவனே காலி செய்வது மாதிரி.

உரிமம் பெற்ற முதல் டெங்குத் தடுப்பூசி சனோஃபி நிறுவனத்தின் டெங்வாக்சியா. மஞ்சள் காய்ச்சலுக்கு மேக்ஸ் தைலர் 1930களில் உருவாக்கிய 17டி என்ற வலுக்குறைந்த வைரஸ் அதன் எலும்புக்கூடு. அந்தப் பழைய ஊசி இன்றும் உலகின் ஆகச் சிறந்த தடுப்பூசிகளில் ஒன்று. தைலருக்கு 1951இல் நோபல் பரிசும் கிடைத்தது. நம் டிரம்களில் வளரும் ஏடிஸ் எஜிப்திதான் மஞ்சள் காய்ச்சலையும் பரப்பும் கொசு. ஆனாலும் அந்த நோய் இந்தியாவுக்குள் வந்ததில்லை. ஆப்பிரிக்காவில் அந்நோய் உள்ள நாடுகளுக்கு வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போய் ஊசி போட்டுச் சான்றிதழ் வாங்குவது, அது வராமல் இருக்கவும்தான். அந்த 17டியின் மேலுறையைக் கழற்றிவிட்டு, டெங்குவின் மேலுறையை மாட்டி, நான்கு வகைக்கும் நான்கு வைரஸ்கள் செய்தார்கள். மூன்று தவணை. 2015 டிசம்பரில் மெக்சிகோ முதலில் அனுமதித்தது. 2016 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கி, எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் போட்டது.

2017 நவம்பரில் நிறுவனமே அறிவித்தது: முன்பு ஒருமுறை டெங்கு வந்தவர்களுக்கு இந்த ஊசி பாதுகாப்பு தருகிறது, ஒருமுறையும் வராதவர்களுக்குப் பிற்காலத்தில் கடுமையான டெங்கு வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. வராதவர்களுக்கு அந்த ஊசியே முதல் தொற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஹால்ஸ்டெட் எச்சரித்தது இதைத்தான். தங்கள் பிள்ளையின் கையில் ஊசி ஏறிய பிறகு இந்தச் செய்தியைக் கேட்ட பெற்றோரை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாக நம்பிய பிலிப்பைன்ஸ் மக்கள் 2015இல் 93 சதவீதம். 2018இல் அது 32 சதவீதமாகச் சரிந்தது. ஒரு டெங்கு ஊசியின் தவறு மற்ற எல்லா ஊசிகளின் மீதும் விழுந்தது.

நம் நிலைமையை வைத்து இதை யோசிக்க ஒரு கணக்கு இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் நடத்திய இரத்த ஆய்வில், 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளில் 28.3 சதவீதம் பேருக்கும், 18 முதல் 45 வயதுக்காரர்களில் 56.2 சதவீதம் பேருக்கும் முன்பே டெங்கு வந்து போனதற்கான தடயம் இருந்தது. தென் மாநிலங்களில் எல்லா வயதையும் சேர்த்து 76.9 சதவீதம். பலருக்குத் தங்களுக்கு டெங்கு வந்ததே தெரியாது. ஆக, பெரியவர்களுக்குப் பாதுகாப்பாக இருக்கக்கூடிய ஓர் ஊசி, யாரைக் காப்பாற்ற மிகவும் ஆசைப்படுகிறோமோ அந்தச் சிறு பிள்ளைகளுக்கு ஆபத்தாகலாம். இந்த முடிச்சை அவிழ்க்காத எந்த ஊசியும் வேலூர் போன்ற ஊருக்கு உதவாது என்பது என் உறுதியான எண்ணம்.

அவிழ்க்கும் முயற்சிகள் இரண்டு முன்னே நிற்கின்றன. ஒன்று தகேதா நிறுவனத்தின் க்யூடெங்கா. டெங்கு வகை 2ஐயே எலும்புக்கூடாகக் கொண்டது, மூன்று மாத இடைவெளியில் இரண்டு தவணை. முதல் ஓராண்டில் 80 சதவீதம் பாதுகாத்தது. பரவல் அதிகமுள்ள இடங்களில் 6 முதல் 16 வயதினருக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஹைதராபாத்தின் பயாலஜிக்கல் ஈ நிறுவனம் அதன் தயாரிப்பில் கைகோத்திருக்கிறது. இதிலும் ஓர் இடைவெளி உண்டு. முன்பு டெங்கு வராதவர்களிடம் வகை 3க்கு எதிராக இது பலன் காட்டவில்லை.

இன்னொன்றை நான் அதிக நம்பிக்கையோடு பார்க்கிறேன். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள் டெங்கு வைரஸின் மரபுச் சரத்தின் வால் பகுதியில் 30 எழுத்துகளை வெட்டி எடுத்தார்கள். வெட்டியதும் வைரஸ் நோய் தரும் வலுவை இழந்தது, ஆனால் உள்ளிருக்கும் எல்லாப் புரதங்களும் டெங்குவினுடையவையாகவே இருந்தன. மஞ்சள் காய்ச்சலின் எலும்புக்கூட்டில் டெங்குச் சட்டை மாட்டியதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. உடம்பு பாடம் கற்க மேலுறை மட்டும் போதாது, உட்புரதங்களும் வேண்டும். ஒரே தவணை. பிரேசிலின் புட்டன்டன் நிறுவனம் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது இரண்டு ஆண்டுகளில் 79.6 சதவீதம் பாதுகாப்பு கிடைத்தது. முன்பு டெங்கு வராதவர்களுக்கும் பலன் இருந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் பிரேசிலில் வகை 1, 2 மட்டுமே உலவின. 3, 4க்கு எதிரான சோதனை நடக்க அந்த வைரஸ்களே அங்கே இல்லை.

இதே வைரஸ்களைக் கொண்டு பனேசியா பயோடெக் இந்தியாவில் உருவாக்கிய டெங்கிஆல் ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனை 2024 ஆகஸ்டில் தொடங்கியது. 19 இடங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வயது வந்தோர். முதல் ஊசி அரியானாவின் ரோத்தக்கில் போடப்பட்டது. ஒவ்வொருவரையும் இரண்டு ஆண்டுகள் பின்தொடர வேண்டும். வேலூர் 1968இல் காட்டியதுபோல நான்கு வகையும் கலந்து உலவும் நாடு இது. பிரேசிலில் கிடைக்காத விடை இங்கே கிடைக்கக்கூடும்.

இத்தகைய சோதனை நம் ஊருக்குப் புதிதும் அல்ல. குழந்தைகளின் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கான ரோட்டாவாக் ஊசியின் மூன்றாம் கட்டச் சோதனையில் தில்லி, புனேயோடு வேலூரும் ஓர் இடம். 6,799 கைக்குழந்தைகள் அதில் பங்கேற்றார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர் ககன்தீப் காங் முதலானோரின் குழு வீடு வீடாகப் போய்ப் பின்தொடர்ந்த அந்த உழைப்பில் இங்குள்ள தாய்மார்களின் பங்கை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. குழந்தையின் ஒவ்வொரு வயிற்றுப்போக்கையும் நினைவில் வைத்துச் சொன்னவர்கள் அவர்கள்.

பிழைத்தவரின் இரத்தம்

அக்காவின் கேள்வியின் மற்றொரு பாதி எபோலா. அதற்கு எப்படி வந்தது?

எபோலா 1976இல் இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் யாம்புக்குவிலும் சூடானிலும் தலைகாட்டியது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அதற்கு ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை. கனடாவின் ஆய்வகம் ஒன்று, கால்நடைகளுக்கு வரும் ஒரு வைரஸின் மேலுறையை எபோலா உறையாக மாற்றிய ஊசியை முன்பே செய்து வைத்திருந்தது. வாங்க ஆளில்லாததால் அது உறைபெட்டியில் கிடந்தது. நோயாளிகள் ஏழைகள், வருமானம் இல்லை. 2013இன் இறுதியில் மேற்கு ஆப்பிரிக்காவில் தொடங்கிய பரவல் 28 ஆயிரம் பேரைத் தாக்கி 11 ஆயிரம் பேரைக் கொன்ற பிறகே உலகம் அந்தப் பெட்டியைத் திறந்தது. ஆகவே எபோலாவுக்கு விரைவில் வந்துவிட்டது என்பதும் முழு உண்மை அல்ல.

ஆனால் திறந்த பிறகு நடந்தது பாராட்டுக்குரியது. 2015இல் கினியாவில், நோயாளி ஒருவர் கண்டறியப்பட்டதும் அவரோடு பழகியவர்கள், அவர்களோடு பழகியவர்கள் என்று வளையம் கட்டி ஊசி போட்டார்கள். இந்தியாவில் பெரியம்மையை ஒழித்த அதே சுற்றிவளைப்பு முறை. உடனே ஊசி போட்ட வளையங்களில், பத்து நாள் கழிந்த பிறகு ஒருவருக்கும் எபோலா வரவில்லை. எர்வீபோ என்ற பெயரில் அந்த ஊசி 2019இல் உரிமம் பெற்றது. எபோலா ஊசிக்கு டெங்குவின் சாபம் இல்லை, எதிரி ஒரு நேரத்தில் ஒருவன்தான். அதற்காக அது எல்லா எபோலாவையும் தடுக்காது. எர்வீபோ ஜயர் வகைக்கு மட்டும். 2022இல் உகாண்டாவில் சூடான் வகை வந்தபோது அந்த ஊசியால் பயன் இல்லை. 2025இல் அதே வகை மீண்டும் வந்தபோது, பரவல் அறிவிக்கப்பட்ட நான்கே நாளில் கம்பாலாவில் புதிய ஊசியின் சோதனையைத் தொடங்கிவிட்டார்கள். ஊசியும் திட்டமும் முன்கூட்டியே தயாராக இருந்ததுதான் காரணம்.

சிகிச்சையின் கதை இன்னும் என்னை உருக்குவது. 1995இல் காங்கோவின் கிக்விட் நகரில் எபோலா பரவியபோது, ழான்-ழாக் முயெம்பே என்ற காங்கோ மருத்துவரின் குழு பிழைத்தவர்களின் இரத்தத்தை எட்டு நோயாளிகளுக்கு ஏற்றியது. ஏழு பேர் பிழைத்தார்கள். எட்டுப் பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று அறிவியல் உலகம் ஒதுக்கியது. அப்படி ஒதுக்கியது முறைப்படி சரியும்கூட. அதே கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் இரத்தத்தைப் பதினொரு ஆண்டுகள் கழித்து எடுத்துப் பார்த்தபோதும் அதில் எபோலாவை முடக்கும் எதிர்ப்புரதம் இருந்தது. அதைச் செய்த செல்லைப் பிரித்து, ஆய்வகத்தில் பெருக்கி, எம்ஏபி114 என்ற மருந்தாக்கினார்கள். 2018-19இல் காங்கோவில், துப்பாக்கிச் சண்டைகளுக்கு நடுவே, நான்கு மருந்துகளை 681 நோயாளிகளிடம் ஒப்பிட்டார்கள். பழைய கலவை மருந்தான இசட்மேப் பெற்றவர்களில் 49.7 சதவீதம் இறந்தார்கள். ரெம்டெசிவிரில் 53.1. எம்ஏபி114இல் 35.1. இன்னொரு எதிர்ப்புரதக் கலவையில் 33.5. சீக்கிரமாக வந்து சேர்ந்தவர்களிடம் இறப்பு இன்னும் வெகுவாகக் குறைந்தது. கோவிட் காலத்தில் நாம் வரிசையில் நின்று கெஞ்சி வாங்கிய ரெம்டெசிவிர் எபோலாவில் தோற்ற மருந்து என்பது பலருக்குத் தெரியாது.

பிழைத்தவரின் இரத்தம் மருந்தாகும் என்பதை முறையான சோதனையில் முதலில் காட்டியது அர்ஜென்டினா. அங்கே மக்காச்சோள வயல்களில் அறுவடை செய்யும் கூலிகளுக்கு எலிகள் வழியே ஜூனின் வைரஸ் தொற்றும். வயலில் எலி வளையோடு புழங்கும் நம் வட ஆர்க்காட்டு விவசாயிக்கு அந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. 1979இல் வெளிவந்த சோதனை முடிவின்படி, நோயிலிருந்து மீண்டவரின் பிளாஸ்மாவை உரிய நேரத்தில் ஏற்றியபோது இறப்பு 16.5 சதவீதத்திலிருந்து 1.1 சதவீதமாக இறங்கியது. அடுத்து கேண்டிட்-1 என்ற ஊசியை உருவாக்கி 6,500 வயல் தொழிலாளர்களிடம் சோதித்தார்கள். 95 சதவீதம் பாதுகாப்பு. பெரிய நிறுவனங்கள் விரும்பாததால் அந்த நாடே தயாரிப்பை ஏற்றது.

இந்த இடத்தில் நம் பக்கத்துக் காட்டைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா பகுதியில் குரங்குகள் செத்து விழுந்தன. பிறகு காட்டுக்குள் விறகுக்கும் இலைக்கும் போனவர்கள் காய்ச்சலில் விழுந்தார்கள். புனே மையம் கண்டறிந்த அந்த உண்ணி நோய்தான் கியாசனூர் காட்டு நோய், கன்னடத்தில் மங்கன காயிலெ. 2012-13இல் நீலகிரி வரையும் வயநாடு வரையும் அது வந்துவிட்டது. நோயுற்றவர்களில் 100க்கு 3 முதல் 5 பேர் இறக்கிறார்கள். அதற்கு ஓர் ஊசி இருந்தது. கொன்ற வைரஸைக் கொண்டு செய்தது, இரண்டு தவணையில் சுமார் 62 சதவீதம் பலன், அடிக்கடி ஊக்க ஊசி வேண்டும், போட்ட இடம் கடுமையாக வலிக்கும். வீரியம் போதவில்லை என்று 2022இல் அதையும் நிறுத்தினார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக நம் நாட்டின் ஏழைக் காட்டுவாசிகளை மட்டும் தாக்கும் நோய் இது. வேறு எந்த நாடும் இதற்கு ஊசி செய்து தரப் போவதில்லை. புதிய ஊசிக்கான வேலை இப்போது நடக்கிறது. இதை இருபது ஆண்டு முன்பே செய்திருக்க வேண்டும் என்ற ஆதங்கத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

படுக்கையருகே

டெங்கு வைரஸைக் கொல்லும் மருந்து இன்றுவரை இல்லை. ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் மாத்திரை ஒன்று நம்பிக்கை அளித்தது. 2024இல் நிறுவனம் வணிகக் காரணங்களைச் சொல்லி அந்தச் சோதனையைக் கைவிட்டது. ஆனாலும் கடுமையான டெங்குவில் ஒரு காலத்தில் 100க்கு 20 பேர் இறந்த இடங்களில் இன்று 100க்கு ஒருவருக்கும் குறைவாகவே இறக்கிறார்கள் என்னும் அளவுக்கு மருத்துவம் மாறியிருக்கிறது. அதைச் செய்தது உப்புநீர் டிரிப்ஸ். அளவறிந்து ஏற்றுவது, அளவறிந்து நிறுத்துவது. கசிவு நிற்கும் நேரம் தெரியாமல் ஏற்றிக்கொண்டே போனால் கசிந்த நீர் திரும்பி வந்து நுரையீரலை நிரப்பிவிடும். மார்பர்க் காய்ச்சலில் பாதிப் பேர் இறப்பது வழக்கம். 2024இல் ருவாண்டாவில் 66 பேருக்கு வந்து 15 பேர்தான் இறந்தார்கள். அங்கே ரெம்டெசிவிரும் எதிர்ப்புரதமும் கொடுத்தார்கள், கூடவே முழுத் தீவிர சிகிச்சையும் கொடுத்தார்கள்.

எங்கள் பையனை முதலில் கொண்டுபோன ஒரு தனியார் மருத்துவமனையில், தட்டணு 40 ஆயிரத்துக்கு வந்ததுமே நன்கொடையாளர்களைத் தேடச் சொன்னார்கள். இரவெல்லாம் ஆள் தேடினோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 372 டெங்கு நோயாளிகளிடம், அதுவும் தட்டணு 20 ஆயிரத்துக்குக் கீழே போனவர்களிடம் நடத்திய சோதனையில், இரத்தக்கசிவு இல்லாதபோது முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றியதால் கசிவு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. தட்டணு எண்ணிக்கை வீட்டாருக்குப் புரியும் எண் என்பதால் அதையே பிடித்துக்கொள்கிறோம். மருத்துவர் பார்க்க வேண்டிய எண் இரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பது. பப்பாளி இலைச் சாறு தட்டணுவைக் கொஞ்சம் ஏற்றுவதாகச் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. உயிர் காத்ததாகச் சொல்லவில்லை. அன்போடு கொண்டுவருபவர்களிடம் கோபிக்கத் தோன்றவில்லை. இளநீரும் கஞ்சியும் கொண்டுவந்தால் அதைவிட உதவும்.

காய்ச்சலோடு வருபவர் எல்லாரும் டெங்குவும் அல்ல. நம் வட்டாரத்தில் புதர்களிலுள்ள நுண் பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ், டெங்குவைப் போலவே தட்டணுவைக் குறைக்கும், நுரையீரலைத் தாக்கும். அது பாக்டீரியா என்பதால் மருந்து உண்டு. கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் தலைமையில் 7 மையங்களில் 794 தீவிர நோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2023இல் வந்தது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற இரண்டு பழைய, மலிவான மருந்துகளைத் தனித்தனியே கொடுப்பதைவிடச் சேர்த்துக் கொடுத்தால் பலன் அதிகம் என்று அது காட்டியது. அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டதுபோல ஒரு கருப்புப் புண் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் மருத்துவர் பல உயிர்களைக் காப்பாற்றுகிறார்.

எங்கள் பையனுக்கு ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. எல்லாரும் மகிழ்ந்து, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டோம். இரண்டாவதாகப் போன இடத்தில் இருந்த செவிலியர் ஒருவர் மறுத்துவிட்டார். காய்ச்சல் விடும் நேரத்திலிருந்து ஒன்றிரண்டு நாள்தான் கசிவு நேரம் என்று விளக்கி, அவன் கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. வயிறு வலிக்கிறதா, விடாமல் வாந்தி வருகிறதா, கை கால் சில்லிடுகிறதா என்று மணிக்கொருமுறை வந்து பார்த்தார். காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் காலை அவன் இட்லி கேட்டான்.

அவனுக்கு வந்தது நான்கில் எந்த வகை என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. என்எஸ்1 சோதனை டெங்கு என்று சொல்லுமே தவிர எண் சொல்லாது. 1968இல் எலிக்குட்டிகளை வைத்துக்கொண்டு கண்டுபிடித்ததை இன்று சாதாரண நோயாளிக்கு யாரும் பார்ப்பதில்லை. அவனைப் பொறுத்தவரை ஒன்று முடிந்து மூன்று பாக்கி இருக்கிறது. டெங்கிஆல் சோதனையின் முடிவு வரும்போது நான் முதலில் தேடப்போவது நான்கு வகைக்கும் தனித்தனியே கொடுத்திருக்கும் நான்கு எண்களை. அதுவரை அக்கா வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்து, உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்கிறாள். தண்ணீரை மட்டும் கொட்டினால் முட்டை போகாது என்று நான்தான் அவளுக்குச் சொன்னேன்.